‘இல்லை’ என்றால் எங்கே இல்லை? மெயின்ஃபிரேமில் டேட்டாசெட் தேடும் கருவிகள்: ஒரு மதிப்புரை

போன தைப்பூசத்துக்கு ரதம் புறப்படுகிற அன்று சாயந்திரம் ஐந்தரை மணிக்குத் தணிக்கைப் பிரிவிலிருந்து மெயில் வந்தது. 2019 ஆண்டிறுதி வட்டிக் கணக்குக் கோப்பு வேண்டும். இருக்கிறதா? இல்லையென்றால் யார், எப்போது அழித்தார்கள்? இரண்டே கேள்வி. மலேசியாவில் கணக்குப் பதிவுகளை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும், அதனால் ‘பழசு, தேடிப் பார்க்கிறோம்’ என்று தள்ளிப்போட முடியாது.

நான் கோலாலம்பூரில் ஒரு வங்கியின் மெயின்ஃபிரேம் (வங்கிக் கணக்குகள் ஓடும் பெரிய கணினி) ஸ்டோரேஜ் பகுதியில் 2002இலிருந்து இருக்கிறேன். ஆபீஸ் மஸ்ஜித் ஜமெக் பக்கம், வீடு செந்தூல். அன்று இரவு அம்மாவை ஜாலான் ஈப்போவுக்குக் கூட்டிப் போய் ரதம் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். என்னிடம் மூன்று மாதமாக வேலை பழகும் தம்பி ஒருவன் கிளாங்கிலிருந்து வருகிறான், கெட்டிக்காரப் பையன். கோப்பின் பெயரை, மெயின்ஃபிரேமில் கோப்புகளைத் தேடும் ஐஎஸ்பிஎஃப் 3.4 ஸ்கிரீனில் அடித்து என்டர் தட்டினான். அந்தப் பெயரில் டேட்டாசெட் (மெயின்ஃபிரேமில் கோப்பை அப்படித்தான் சொல்வோம்) எதுவும் கிடைக்கவில்லை என்று மேல் மூலையில் வந்தது.

“அக்கா, இது இல்லக்கா. டிலீட் ஆயிருச்சு போல.”

“எங்க இல்ல, தம்பி?”

அவன் என்னைப் பார்த்தான். என் கேள்வி அவனுக்குப் புரியவில்லை. இந்த வேலையில் பாதி அந்தக் கேள்விதான். டேட்டாசெட் பெயரைத் தேட, மெயின்ஃபிரேமின் இயக்க முறைமையான இசட் ஓஎஸ்ஸில் நான் தினமும் கையில் எடுக்கும் கருவிகளை அந்த ஒரு கேள்வியை வைத்தே இங்கே மதிப்பிடப் போகிறேன். ஒரு கருவி ‘இல்லை’ என்று சொன்னால், எந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறது? அதை நம்மிடம் தெளிவாகச் சொல்கிறதா?

புத்தகம் ஒன்றல்ல, அதுதான் சிக்கல். ஒவ்வொரு டிஸ்க் வால்யூமிலும் விடாக் என்று ஒரு பட்டியல் உண்டு. அந்த வால்யூமில் என்னென்ன டேட்டாசெட் இருக்கிறது, எந்த டிராக்கில் தொடங்குகிறது என்பதெல்லாம் அதில் 140 பைட் பதிவுகளாக இருக்கும். கேட்டலாக் வேறு. எந்தப் பெயர் எந்த வால்யூமில் என்று சொல்வது அதன் வேலை. கேட்டலாக்கும் இரண்டு பாகமாக இருக்கிறது. பெயரை வைத்துத் தேடும் பிசிஎஸ் ஒரு விசாம் கோப்பு (விசாம் என்பது இசட் ஓஎஸ்ஸின் ஒரு கோப்பு வகை). விசாம் டேட்டாசெட்கள், எஸ்எம்எஸ் (இடத்தைச் சிஸ்டமே நிர்வகிக்கும் முறை) டேட்டாசெட்கள் இவற்றின் விவரங்களைச் சுமக்கும் விவிடிஎஸ் அந்தந்த வால்யூமிலேயே உட்கார்ந்திருக்கும். அப்புறம், பழைய கோப்புகளைத் தானாக நகர்த்தி வைக்கும் எச்எஸ்எம் இருக்கிற இடமென்றால், யாரும் தொடாத டேட்டாசெட்டை டேப்புக்கு அனுப்பியதற்கான கணக்கை எம்சிடிஎஸ் என்ற இன்னொரு கோப்பில் அது தனியாக வைத்திருக்கும்.

என் அம்மா தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். தம்பிக்கு அவருடைய வருகைப் பதிவேட்டை வைத்துத்தான் விளக்கினேன். பதிவேட்டில் பெயர் இருக்கும், பெஞ்சில் பிள்ளை இருக்காது. புதிதாகச் சேர்ந்த பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும், பெயர் இன்னும் பதிவேட்டில் ஏறியிருக்காது. சில பெயருக்கு எதிரே ‘வேறு பள்ளிக்கு மாற்றல்’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். கேட்டலாக் பதிவேடு, விடாக் பெஞ்சு. வால்யூம் பெயர் வரவேண்டிய இடத்தில் கேட்டலாக் ‘மைக்ராட்’ என்று காட்டினால் அதுதான் சிவப்பு மை.

பதிவேடும் வகுப்புக்கு ஒன்றாக இருக்கிறதே, அதுபோலத்தான் கேட்டலாக்கும். மேலே ஒரு மாஸ்டர் கேட்டலாக், அதன் கீழே பல யூசர் கேட்டலாக். எங்கள் இடத்தில் 41. ஒரு பெயரின் முதல் பகுதியைப் பார்த்து, மாஸ்டர் கேட்டலாக்கில் இருக்கும் ஆலியஸ் (வழிகாட்டிக் குறிப்பு) எந்த யூசர் கேட்டலாக்கைக் காட்டுகிறதோ அங்கே போய்த்தான் சிஸ்டம் தேடும். மற்ற 40-ஐயும் திறந்துகூடப் பார்க்காது. வேகமாக வேலை நடக்க இதுதான் காரணம். அன்றைக்கு எங்களை இரவு வரை உட்கார வைத்ததும் இதுதான்.

முதலில் 3.4. தினசரி வேலைக்கு இதைவிட வசதியானது எனக்குத் தெரியாது. பெயரின் ஒரு துண்டு ஞாபகம் இருந்தால் போதும். பகுதிக்குள் எத்தனை எழுத்து வந்தாலும் சரி என்றால் ஒற்றை நட்சத்திரம், எத்தனை பகுதி வந்தாலும் சரி என்றால் இரட்டை நட்சத்திரம், ஒரே ஒரு எழுத்து தெரியவில்லை என்றால் சதவீதக் குறி. டேட்டாசெட் பெயர் மொத்தம் 44 எழுத்து, புள்ளிக்குப் புள்ளி ஒவ்வொரு பகுதியும் எட்டு எழுத்துக்குள் என்பதால், அந்தக் காலத்து ஆட்கள் சுருக்கிச் சுருக்கி வைத்த பெயர்கள் நிறைய. எங்கள் கடன் பிரிவுக் கோப்புகள் சிலவற்றின் மூன்றாம் பகுதியில் ஓய்வு பெற்றுவிட்ட ஓர் அண்ணனின் இனிஷியல் இன்னும் இருக்கிறது. அவர் கையால் உருவாக்கிய கோப்பு, அவர் போய் 11 வருடம் ஆகிறது, இன்னும் மாதா மாதம் ஓடுகிறது. இப்படிப்பட்ட பெயர்களைத் தேட இந்த மூன்று குறியும் இல்லாவிட்டால் கஷ்டம். கூடுதல் பகுதிகளையும் சேர்த்துத் தேடு என்ற ஒரு தேர்வு அதே ஸ்கிரீனில் இருக்கிறது. அதை யாராவது எடுத்துவிட்டுப் போயிருந்தால் நீங்கள் அடித்த பெயர் மட்டும்தான் வரும், அதற்குக் கீழே தொங்கும் நூறு பெயர் வராது. பக்கத்து மேசைக்காரர் ஸ்கிரீனில் உட்கார்ந்தால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஆனால் 3.4-இல் நான் எல்லோரிடமும் சொல்லும் விஷயம் வால்யூம் கட்டம். பெயருக்குக் கீழே ஆறு எழுத்துக்கு ஒரு சின்ன இடம். அதைக் காலியாக விட்டால் 3.4 கேட்டலாக்கைப் படிக்கும். அதில் ஒரு வால்யூம் பெயரைப் போட்டால் கேட்டலாக்கை விட்டுவிட்டு அந்த வால்யூமின் விடாக்கைப் படிக்கும். ஒரே ஸ்கிரீன், ஒரே என்டர், புத்தகம் வேறு. பட்டியல் வந்துவிட்டால் தலைப்பில் ‘இந்த வால்யூமில் உள்ளவை’ என்றோ ‘இந்தப் பெயருக்குப் பொருந்துபவை’ என்றோ எழுதியிருக்கும், அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒன்றும் கிடைக்காவிட்டால் பட்டியலும் கிடையாது, தலைப்பும் கிடையாது. எந்தப் புத்தகத்தில் இல்லை என்று சொல்லாமல் வெறும் ‘இல்லை’ மட்டும் வரும். தினமும் பயன்படுத்தும் ஒருத்தியாக 3.4-க்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன். போன அந்த ஒரு மதிப்பெண் இதற்காகத்தான்.

தம்பி வால்யூம் வழியாகவும் பார்த்தான். பழைய இயக்கக் குறிப்பில் அந்தக் கோப்பு எந்த வால்யூமில் எழுதப்பட்டது என்று இருந்தது. விடாக்கில் இல்லை. அவன் முகத்தில் ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ தெரிந்தது.

அடுத்தது லிஸ்ட்கேட். கேட்டலாக்கைக் கையாளும் ஐடிகேம்ஸ் என்ற நிரலின் கட்டளை. இதை நேசிக்கிறவர்களும் உண்டு, பார்த்தாலே ஒதுங்குகிறவர்களும் உண்டு. நான் முதல் வகை. காரணம் ஒரே ஒரு வரி. நீங்கள் தேடிய பெயர் கிடைத்துவிட்டால், பெயருக்கு அடுத்த வரியில் ‘இன்-கேட்’ என்று போட்டு எந்தக் கேட்டலாக்கில் கிடைத்தது என்று முழுப் பெயரோடு அச்சடிக்கும். கேட்டலாக் பிரச்சினை என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது, ‘லிஸ்ட்கேட் போட்டீங்களா, இன்-கேட் வரியில என்ன இருக்கு?’ என்றுதான். எல்லா விவரமும் கேட்டால் உருவாக்கிய தேதி, வால்யூம், சாதன வகை, விசாம் என்றால் எத்தனை ரெக்கார்டு, எத்தனை தடவை பிளந்திருக்கிறது என்பது வரை கொட்டும். வரிகள் அகலம், எழுத்து நெருக்கம், இடையிடையே கோடு கோடாக இழுத்திருக்கும். கண் பழக ஒரு மாதம் ஆகும். பழகிவிட்டால் எந்த மூலையில் எது என்று கை தானாகப் போகும்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம், தேடும் பெயரைக் கொடுக்கும் என்ட்ரீஸ், லெவல் என்ற இரண்டு வழியும். என்ட்ரீஸில் நட்சத்திரம் போட்டால் அது சரியாக ஒரே ஒரு பகுதிக்குத்தான் நிற்கும். ‘லோன்பி.நட்சத்திரம்’ என்று கேட்டால் இரண்டு பகுதிப் பெயர்கள் மட்டும் வரும், நான்கு பகுதிப் பெயர் வராது. அதற்குக் கீழே தொங்குவது எல்லாம் வேண்டும் என்றால் லெவலில் கேட்க வேண்டும், அங்கே கடைசியில் நட்சத்திரம் போடக்கூடாது. 3.4 பழகிய கை லிஸ்ட்கேட்டிலும் அதே நட்சத்திரத்தை அதே அர்த்தத்தில் போட்டுவிட்டு, பாதிப் பட்டியலை முழுப் பட்டியல் என்று நம்பிவிடும். நான் பார்த்த தவறான ‘இல்லை’களில் நிறைய இதில் பிறந்தவை.

கிடைத்தால் அவ்வளவு விவரமாகப் பேசும் லிஸ்ட்கேட், கிடைக்காவிட்டால் சுருங்கிவிடும். ‘ஐடிசி3012ஐ’ என்ற எண்ணோடு, இந்த என்ட்ரி கிடைக்கவில்லை என்று ஒரு செய்தி. அதோடு கேட்டலாக் ரிட்டர்ன் கோடு 8, காரணக் கோடு 42. இந்த எட்டும் நாற்பத்திரண்டும் எங்கள் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். அதிலும் எந்தக் கேட்டலாக்கில் பார்த்தேன் என்பது இருக்காது. ஆலியஸ் எங்கே காட்டியதோ அங்கே பார்த்திருக்கும், அந்த இடம் சரியா என்று நாம்தான் யோசிக்க வேண்டும். கேட்டலாக் பெயரை நாமே கொடுத்துத் தேடச் சொன்னால் அங்கே போய்ப் பார்க்கும். அந்த வசதி இருப்பதால்தான் இதற்கும் நான்கு மதிப்பெண்.

லிஸ்ட்கேட் அச்சடிப்பதை எடுத்து, 9ஆவது எழுத்திலிருந்து வெட்டு, 17ஆவது எழுத்திலிருந்து வெட்டு என்று நிரல் எழுதுகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்த அச்சு மனிதர்கள் கண்ணால் படிப்பதற்காகச் செய்தது. நிரல் படிப்பதற்கென்று ஐபிஎம் வேறொன்று கொடுத்திருக்கிறது. அதைப் பற்றித்தான் நான் இந்த மதிப்புரையையே எழுத உட்கார்ந்தேன்.

அதன் பெயர் கேட்டலாக் சர்ச் இன்டர்ஃபேஸ். எல்லோரும் சிஎஸ்ஐ என்போம். ஐஜிஜிசிஎஸ்ஐ00 என்ற நிரல். இசட் ஓஎஸ் வைத்திருக்கிற எல்லாரிடமும் இது இருக்கிறது, தனியாக ஒரு வெள்ளி கொடுக்க வேண்டாம். சிஸ்டத்தோடு வரும் மாதிரி நூலகமான சிஸ்1.சாம்ப்லிப்பில் இதைக் கூப்பிடும் மாதிரி நிரல்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஐஜிஜிசிஎஸ்ஐஆர்எக்ஸ் என்பது ரெக்ஸ் என்ற எளிய நிரல் மொழியில் எழுதியது. பெயர் வடிவத்தைக் கேட்கும், பட்டியலைக் கொடுக்கும். அசெம்பிளர் தெரியாதவர்கள் அதைத் திறந்து வரிவரியாகப் படித்தாலே கேட்டலாக் எப்படி யோசிக்கிறது என்று புரிந்துவிடும். நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன், ஒரு ரமலான் மாதத்தில், ஆபீஸில் பாதிப் பேர் சீக்கிரம் கிளம்பிவிடும் அமைதியான மாலைகளில்.

இதில் நட்சத்திரம், இரட்டை நட்சத்திரம், சதவீதக் குறி மூன்றும் 3.4-இல் பழகிய அதே அர்த்தத்தில் நடக்கும். எந்த வகை வேண்டும் என்று ஒற்றை எழுத்துகளில் சொல்லலாம். சாதாரண டேட்டாசெட்டுக்கு ஏ, விசாம் கிளஸ்டருக்கு சி, தலைமுறை தலைமுறையாக வரும் ஜிடிஜி கோப்புகளின் தலைப்புக்கு பி, அதன் தலைமுறைகளுக்கு எச், ஆலியஸுக்கு எக்ஸ், யூசர் கேட்டலாக் இணைப்புக்கு யு. எந்த விவரம் வேண்டுமோ அதை மட்டும் பெயர் சொல்லிக் கேட்கலாம், வால்யூம் மட்டும் போதும் என்றால் வால்யூம் மட்டும் வரும். நாம் கொடுக்கும் வேலைப் பகுதியில் (நினைவக இடம்) பதிலை நிரப்பித் தரும். மாதிரி நிரலில் அந்தப் பகுதி 1,024 பைட்தான். நான் அதை 64 ஆயிரத்துக்கு மேல் உயர்த்தி வைத்திருக்கிறேன். பெரிய பட்டியலுக்குத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவது குறையும்.

திரும்பக் கூப்பிடுவது என்றதும் 2009இல் எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். வேலைப் பகுதி நிறைந்துவிட்டால் சிஎஸ்ஐ ‘இன்னும் இருக்கிறது’ என்று ஒரு எழுத்தை ஒய் ஆக்கிவிட்டு நிறுத்திவிடும். அதைப் பார்த்துத் திரும்பக் கூப்பிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மாதிரி நிரலில் அந்தச் சுழற்சி ஒழுங்காக இருக்கிறது. நான் சொந்தமாக எழுதியதில் அதை விட்டுவிட்டேன். சின்னச் சின்னப் பட்டியலாகச் சோதித்ததால் தெரியவில்லை. ஒரு பெரிய பட்டியல் எம் எழுத்தோடு நின்றுபோனது, அதை வைத்து ஒரு மேலாளர் இடக் கணக்குப் போட்டுக் கூட்டத்துக்கு எடுத்துப் போய்விட்டார். ‘என்’ எழுத்திலிருந்து இசட் வரை உள்ள டேட்டாசெட் எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. மறுநாள் நானே போய்ச் சொல்லித் திருத்தினேன். அன்றிலிருந்து யார் சிஎஸ்ஐ நிரல் காட்டினாலும் அந்த ஒரு எழுத்தைச் சோதிக்கிறார்களா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

சிஎஸ்ஐயை நான் மற்றவற்றுக்கு மேலே வைப்பதற்குக் காரணம் வேகமோ வசதியோ அல்ல. பதிலின் தலையில் அது தேடிய கேட்டலாக்கின் பெயரை வைக்கும். அதற்குக் கீழேதான் அந்தக் கேட்டலாக்கில் கிடைத்த பெயர்கள் வரும். ஒன்றும் கிடைக்காவிட்டாலும் கேட்டலாக் பெயர் வரும், பக்கத்தில் ஒரு பைட் கொடியில் ‘இங்கே பொருந்துவது ஒன்றுமில்லை’ என்று ஒரு பிட் எரியும். கேட்டலாக்கைப் படிப்பதில் பிழை வந்து பாதியில் நின்றிருந்தால் அதற்கு வேறு பிட். நான் இந்தப் புத்தகத்தைத் திறந்தேன், கடைசி வரை படித்தேன், இல்லை. அல்லது, திறந்தேன், பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லும் கருவியைத்தான் நான் நம்பித் தணிக்கைக்குப் பதில் எழுத முடியும்.

அன்றைக்கு மணி ஏழு ஆகிவிட்டது. தம்பியை மாமாக் கடைக்கு (இந்திய முஸ்லிம் உணவுக் கடை) அனுப்பி இரண்டு தே தாரிக்கும் ரொட்டி சானாயும் வாங்கி வரச் சொன்னேன். அவன் வருவதற்குள் எச்எஸ்எம்மிடம் கேட்டேன். எச்லிஸ்ட் கட்டளை, கோப்பின் பெயர், எம்சிடிஎஸ். அது ‘இருக்கிறது’ என்றது. 2020 மார்ச்சில் டேப்புக்குப் போனது என்று தேதியோடு.

அவன் பொட்டலத்தோடு வந்து ஸ்கிரீனைப் பார்த்தபோது முகம் மாறியது. டேப்பிலிருந்து திருப்பிக் கொண்டுவரும் ரீகால் கேட்டுப் பார்த்தோம், கேட்டலாக்கில் இல்லை என்று திரும்பிவிட்டது. டேப்பில் இருக்கிறது, எச்எஸ்எம் கணக்கில் இருக்கிறது, பதிவேட்டில் மட்டும் காணோம். வேறு பள்ளிக்குப் போன பிள்ளைக்குச் சிவப்பு மை எங்கோ எழுதியிருக்க வேண்டும். எந்தப் பதிவேட்டில்?

மாஸ்டர் கேட்டலாக்கிலிருந்து 41 யூசர் கேட்டலாக் பெயரையும் எடுத்தோம். ஐஜிஜிசிஎஸ்ஐஆர்எக்ஸில் கேட்டலாக் பெயருக்கான இடம் 44 வெற்றெழுத்தாக இருக்கும், அதாவது வழக்கமான வழியில் தேடு என்று பொருள். அந்த இடத்தில் ஒவ்வொரு கேட்டலாக் பெயராகப் போட்டுச் சுற்றும்படி மாற்றினேன். ஒரு பத்து நிமிட வேலை. இப்படிப் பெயர் சொல்லிக் கொடுத்தால் ஆலியஸைப் பற்றிக் கவலைப்படாமல் அந்தக் கேட்டலாக்கையே நேராகத் திறக்கும். தம்பி என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு வரிகள் ஏறுவதைப் பார்த்தான். கேட்டலாக் பெயர், ஒன்றுமில்லை. கேட்டலாக் பெயர், ஒன்றுமில்லை. 27ஆவது பெயருக்குக் கீழே ஒரு வரி வந்தது.

ஏ, லோன்பி.இயர்எண்ட்.இன்ட்ரஸ்ட்.ஒய்2019, மைக்ராட்.

“அக்கா!” என்றான். அவ்வளவுதான், வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வரிசையில் இருந்த அண்ணன் எழுந்து பார்த்தார்.

நடந்தது என்னவென்று அப்புறம்தான் கோத்தோம். சில வருடங்களுக்கு முன் ஒரு பெரிய கேட்டலாக்கை இரண்டாகப் பிரித்தார்கள். லோன்பி என்று தொடங்கும் பெயர்களை மெர்ஜ்கேட் மூலம் புதிய கேட்டலாக்குக்கு நகர்த்தி, ஆலியஸைப் புதியதற்குத் திருப்பினார்கள். நகர்த்தும் ஜாப் நடுவில் நின்றிருக்கிறது, திரும்ப ஓட்டி முடிப்பதற்குள் ஆலியஸ் திரும்பிவிட்டது. பாக்கி இருந்தவை பழைய கேட்டலாக்கிலேயே தங்கிவிட்டன. ஆலியஸ் அந்தப் பக்கம் போகவே போகாததால் 3.4-க்கும் தெரியாது, சாதாரண லிஸ்ட்கேட்டுக்கும் தெரியாது. தினமும் ஓடும் கோப்பு என்றால் மறுநாளே ஜாப் விழுந்து கத்தியிருக்கும். டேப்பில் தூங்கும் ஆண்டிறுதிக் கோப்பை யார் தேடப் போகிறார்கள்? அன்று எண்ணிப் பார்த்தபோது அங்கே தங்கியவை 212.

இரண்டு கேட்டலாக்கையும் முதலில் எக்ஸ்போர்ட் எடுத்து வைத்தோம். அனுமதி வாங்கினோம். எங்களுக்கு வேண்டிய அந்த ஒரு என்ட்ரியை மட்டும் பெயர் கொடுத்து மெர்ஜ்கேட் செய்தோம், மீதி 211-ஐ அடுத்த வாரம் பராமரிப்பு நேரத்தில் செய்தோம். நகர்த்தி முடித்ததும் தம்பியை 3.4-இல் அதே பெயரை அடிக்கச் சொன்னேன். வந்தது, வால்யூம் இடத்தில் மைக்ராட்2. டேப்பில் இருக்கிறது என்று அர்த்தம். ரீகால் கேட்டோம். டேப் ஏறி, கோப்பு டிஸ்குக்கு வந்து, மைக்ராட்2 இருந்த இடத்தில் உண்மையான ஆறெழுத்து வால்யூம் பெயர் வந்தபோது மணி ஒன்பது நாற்பது. தே தாரிக் தொடாமல் ஆறிப்போயிருந்தது.

தணிக்கையின் இரண்டாவது கேள்விக்கும் பதில் எழுத வேண்டுமே. யாரும் அழிக்கவில்லை என்பதை எப்படிக் காட்டுவது? சிஸ்டத்தில் நடப்பதை எழுதிவைக்கும் எஸ்எம்எஃப்பில், கேட்டலாக்கில் ஒரு பெயர் சேர்ந்தால் 61, நீங்கினால் 65, மாறினால் 66 என்று பதிவு விழும். பழைய எஸ்எம்எஃப் டேப்புகளில் அந்தப் பெயருக்கு 65 விழுந்திருக்கிறதா என்று மறுநாள் ஒரு ஜாப் ஓட்டினோம். இல்லை. இந்த ‘இல்லை’யையும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை உள்ள டேப்பில் இல்லை என்று சேர்த்தே அனுப்பினேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லா வால்யூமுக்கும் ஒரேயடியாகக் கணக்கு வேண்டும் என்றால் ஐடிகேம்ஸின் டிகலெக்ட் நல்லது. விடாக்கையும் விவிடிஎஸ்ஸையும் படித்து டேட்டாசெட்டுக்கு ஒரு ரெக்கார்டாக எழுதித் தரும், இரவில் ஓட்டிவிட்டுக் காலையில் பார்க்கலாம். எஸ்எம்எஸ்ஸில் இல்லாத வால்யூம்களில் கேட்டலாக் ஆகாமல் கிடப்பவற்றைக் கண்டுபிடிக்க, அதையும் சிஎஸ்ஐ பட்டியலையும் வரிசைப்படுத்திப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஸ்டோரேஜ் நிர்வாகத்துக்கான ஐஎஸ்எம்எஃப் ஸ்கிரீனும் பட்டியல் தரும், வடிகட்டுவதற்கு வசதி அதிகம், எனக்கு ஏனோ கை போகவில்லை. கேட்டலாக்குக்கும் விவிடிஎஸ்ஸுக்கும் முரண் என்று சந்தேகம் வந்தால் டயக்னோஸ் கட்டளை. அதைத் தனியாக எழுத வேண்டும், இங்கே அடங்காது.

சிஎஸ்ஐயில் குறையே இல்லையா என்றால் உண்டு. ஸ்கிரீன் கிடையாது. அதை நேரடியாக யாரும் தட்ட முடியாது, நிரல் எழுதித்தான் கூப்பிட வேண்டும். திரும்பி வருவது நீளமும் நகர்வுமாக நெருக்கிக் கட்டிய பைட்கள், அவிழ்க்கத் தெரிய வேண்டும். ஒரு பகுதியின் நீளத்தைத் தவறாகக் கணக்கிட்டால் அதற்கடுத்து வரும் எல்லாப் பெயரும் குப்பையாகத் தெரியும். கையேட்டின் அட்டவணைகளைப் பக்கத்தில் திறந்து வைக்காமல் நான் இன்றும் தொடுவதில்லை. அது படிப்பது கேட்டலாக்கை மட்டும்தான் என்பதையும் மறக்கக்கூடாது. பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அது சொல்லாது. அதற்கு வால்யூம் கட்டத்தை நிரப்பிய 3.4 வேண்டும், டேப்புக்குப் போனதற்கு எச்லிஸ்ட் வேண்டும். இவ்வளவும் சேர்த்தும் சிஎஸ்ஐக்கு நான் ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன்.

அந்த ரெக்ஸ் இப்போது எங்கள் இடத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓடுகிறது. ஒவ்வொரு யூசர் கேட்டலாக்கிலும் உள்ள பெயர்களின் முதல் பகுதியை எடுத்து, ஆலியஸ் அந்தக் கேட்டலாக்கைத்தான் காட்டுகிறதா என்று ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை மட்டும் மெயிலில் அனுப்பும். முதல் ஞாயிறு மெயிலில் வேறு இரண்டு கேட்டலாக்கிலிருந்து 19 பெயர் வந்தன. அதைத் தம்பிதான் சரி செய்தான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் இடத்தில் எப்போதாவது கேட்டலாக் பிரித்திருக்கிறார்கள் என்றால், அதற்குப் பிறகு யாரும் இப்படி ஒரு தடவை பார்க்கவில்லை என்றால், இந்த வாரமே ஐஜிஜிசிஎஸ்ஐஆர்எக்ஸை உங்கள் சொந்த லைப்ரரிக்கு நகலெடுத்து, கேட்டலாக் பெயர் வரும் அந்த ஒரு வரியை மாற்றி ஓட்டிப் பாருங்கள்.

அன்று நான் செந்தூலில் இறங்கும்போது பத்தரை. அம்மா வாசலிலேயே செருப்புப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜாலான் ஈப்போவில் ரோட்டோரமெல்லாம் தேங்காய் குவித்து வைத்திருந்தார்கள், ரதம் இன்னும் வந்திருக்கவில்லை.